கடைசி வீட்டின் வாசல்

தகரக் கொட்டகை, ஓடைக்கரை,
ராஜபாளையம்.
10.2.1987

அன்புள்ள தம்பி ஞானதுரைக்கு,

அக்கா பரிபூரணம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். கொட்டகையும் சுகம்தான், முந்தாநாள் அடித்த காற்றில் ஒரு தகரம் மட்டும் பறந்துபோய்ப் பக்கத்துக் கொட்டகை சீனியம்மாளின் சோற்றுப் பானைமேல் விழுந்தது. அங்கே நீயும் ரோஸ்லினும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? முதலில் அம்மாவைப் பற்றி எழுது. கால் வீக்கம் வடிந்ததா? இரண்டு தலையணை வைத்து நிமிர்த்திப் படுக்க வைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை ரோஸ்லின் மறக்கவில்லையே?

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம், இதற்கு எதற்கு இன்லேண்டு லெட்டர் என்று தபால்காரரே கேட்டார். அவருக்கு என்ன தெரியும். ஓடையை அகலப்படுத்த நம் குடிசைகளை இடித்துவிட்டு அரசாங்கம் இரண்டு வழி சொன்னது. வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் வாடகைப் பணம். இல்லையென்றால் ஓடைக்கு மேற்கே இடமும் சாமானும் தருவோம், நீங்களே உடல் உழைப்புப் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், அதுவரை தகரக் கொட்டகை. பாதிக் குடும்பங்களாவது வீடு கேட்டால்தான் வேலை தொடங்கும். கொட்டகை பூட்டிக் கிடந்தால் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் சொல்லிக்கொண்டா வருகிறார்கள். உன் அத்தானுக்கு மில்லில் நைட் ஷிப்ட். அதனால் பேண்டேஜ் துணி சுற்றும் வேலையை இங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு நான் காவல் இருக்கிறேன்.

நீயோ வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். "கையெழுத்த மாத்தாம இந்தப் பக்கம் வராத" என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வராமலும் இருக்கிறாய். நான் சொன்னது சொன்னதுதான். பாதிக்கு இன்னும் சில குடும்பங்கள் குறைகின்றன. நம் ஆட்களுக்குத் தலைவராக நிற்கும் சமுத்திரம் அண்ணன் தெருத் தெருவாக அலைகிறார். கூரை போட்டு முடிக்கும்வரை கையெழுத்தை மாற்றிக் கொடுக்கலாமாம். யோசித்துப் பார்.

கோபம் உன்மேல்தான், அம்மாமேல் இல்லை. அவளுக்கு உப்பைக் குறைக்கச் சொல். பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
பரிபூரணம்

*

கிணற்றடிக் காம்பவுண்டு, தேர் நிற்கும் தெருவுக்குப் பின்புறம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
1.3.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஞானதுரை ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கும், சீனியம்மாள் மதினியின் சோற்றுப் பானை நலத்துக்கும் ஜெபிக்கிறோம்.

அம்மா நன்றாகத் தூங்குகிறாள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். இருதயம் தளர்ந்துவிட்டது, இதற்கு மேல் சரியாகாது, மாத்திரை கொடுத்து நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த நிம்மதிக்காகத்தான் அக்கா நான் கையெழுத்துப் போட்டேன். தகரத்துக்கு அடியில் வைத்து அவளை வேகவிட எனக்கு மனசு வரவில்லை. நீ ஒரு வரைபடத்துக்குள் குடியிருக்கிறாய். அதில் சுவர் எழும்ப எத்தனை வருஷம் என்று வரைந்தவருக்கே தெரியாது. எனக்கு இன்றைக்கு ராத்திரிக்குக் கூரை வேண்டும். அரசாங்கம் தருகிற பணத்தில் அது கிடைக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது, கற்கண்டு மாதிரி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள வெல்டிங் பட்டறையில் எனக்கு வேலையும் நிலைத்துவிட்டது. ஜன்னல் கம்பி, கேட்டு என்று கை ஓயாத வேலை.

வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. நேற்றுக்கூட அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீ வராதே என்றதால் நான் வரவில்லை. நீ வா என்றால் வருவேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
ஞானதுரை

*

ஓடைக்கரை, ராஜபாளையம்.
5.4.1987

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா தூங்குகிறாள் என்று படித்தபோது அழுதேன், மறைப்பானேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வெயில் மட்டும் மாசியிலேயே சித்திரை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரு சேதி. வாடகைப் பணம் வாங்கிக்கொண்டு போன இரண்டு குடும்பம் திரும்பி வந்துவிட்டது. அரசாங்கம் வாடகை கொடுக்கிறது என்று ஊரில் தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். புதிதாக ஒரு வீடுகூட முளைக்கவில்லை. இருக்கிற வீட்டுக்கு ஆட்கள்தான் கூடியிருக்கிறார்கள். இத்தனை பேர் போய்க் கேட்டால் வீட்டுக்காரன் ஏற்றாமல் என்ன செய்வான்? சீனியம்மாள் சொன்னாள், "கவுருமெண்டு நம்ம கையில குடுக்கு, நாம அவன் கையில குடுக்கோம். நடுவுல நமக்குக் கை வலிதான் மிச்சம்." அந்த இரண்டு குடும்பத்தோடு பாதி சேர்ந்துவிட்டது. ஓடைக்கு மேற்கே அளந்து முளைக்குச்சி அடித்துவிட்டார்கள். ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். வரைபடம் என்று நீ எழுதியதை நினைத்துக்கொண்டேன். குச்சியை மிதிக்காமல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடந்துவிட்டு வந்தேன்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவை இந்தக் கொட்டகையில் வைத்திருக்க முடியாதுதான். ஆனால் மூன்று வருஷம் முடிந்த மறுநாள் அவளை எங்கே படுக்க வைப்பாய்? அதற்குப் பதில் எழுது.

அம்மாவுக்கு முறுக்கு கொடுக்காதே, அவள் கேட்டாலும்.

உன் அக்கா,
பரிபூரணம்

*

வேப்பமரத்து வளவு, சந்தைக்குப் போகிற பாதை,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
28.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். பட்டறையில் கல்யாண மண்டபத்து கேட்டு வேலை. எல்லோரும் சுகமாக இருக்கிறோம். மேலே முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். முந்தைய காம்பவுண்டில் தண்ணீர் உப்பு. அம்மாவுக்கு ஆகாது என்று இங்கே வந்துவிட்டோம். வீடு சின்னது, ஆனால் வேப்ப மரத்துக் காற்று.

வாடகை இங்கேயும் ஏறத்தான் செய்திருக்கிறது. சமாளிக்கிறேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டாய். மூன்று வருஷத்துக்குள் எவ்வளவோ நடக்கும்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். "பரிபூரணம் கோவத்த இன்னுமா பொத்தி வச்சிருக்கா, அது என்ன பொண்டாட்டி புருசன் கோவமா, கெடந்து வளர" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
ஞானதுரை

*

ஓடைக்கரை, ராஜபாளையம்.
10.6.1987

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய விருப்பம். மூன்று மாதத்துக்கு முன்னால் கற்கண்டாக இருந்த தண்ணீர் எப்போது உப்பாயிற்று? அந்தக் கடிதமும் இந்தக் கடிதமும் பெட்டிக்குள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மறதி நோய் இல்லை.

இங்கே அஸ்திவாரம் தோண்டுகிறோம். ஆணும் பெண்ணும் முறைவைத்து மண் சுமக்கிறோம். கொத்தனார் ஐயாதுரை மட்டும்தான் கூலிக்கு வந்த ஆள். அவர் தோண்டச் சொல்லும் ஆழத்தைப் பார்த்தால் வீடு கட்டுகிறாரா கிணறு வெட்டுகிறாரா என்று சந்தேகமாக இருக்கிறது. கேட்டால், "ஓடைக்கரை மண்ணும்மா, மேல பாத்தா பாறை மாதிரி இருக்கும், மழை விழுந்தா மாவா போயிரும்" என்கிறார். சிமெண்டுக்குப் பெர்மிட் வரவில்லை என்று பத்து நாள் வேலை நின்றது. பக்கத்தில் ஆலங்குளம் ஆலையில் சிமெண்டு மலையாகக் கிடக்கிறது, நமக்கு மூட்டை வர இத்தனை காகிதம். சமுத்திரம் அண்ணன் பெண்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆபீசு வாசலில் உட்கார வைத்தார். நான் போகவில்லை, கொட்டகைக் காவல். மூட்டை வந்துவிட்டது.

உன் அத்தானுக்கு மிஷினில் கை பட்டுச் சின்னக் காயம். ஆறிவிட்டது. நீ ஒன்றும் கவலைப்படாதே.

கல்யாண மண்டபத்து கேட்டு முடிந்ததா? ஏன் வீடு மாறினாய் என்று ஒழுங்காக எழுது.

உன் அக்கா,
பரிபூரணம்

*

ரைஸ் மில் சந்து, கடைசிக் கதவு,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
22.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மறுபடியும் வீடு மாறியிருக்கிறோம். இது பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். அம்மா இருக்கிறாள். ரோஸ்லினுக்கு லேசான காய்ச்சல், சரியாகிவிட்டது. பட்டறையில் வேலை அதிகம், அதனால் நிறைய எழுத முடியவில்லை.

சுவர் எந்த மட்டத்தில் நிற்கிறது?

உன் தம்பி,
ஞானதுரை

*

ஓடைக்கரை, ராஜபாளையம்.
2.9.1987

ஞானதுரைக்கு,

நாங்கள் சுகம். சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. ஓடையை ஒட்டிய கடைசி இரண்டு வீட்டுக்கு மட்டும், மழைக்கு முன்னால் கரைப்பக்கம் உறுதியாக வேண்டும் என்று, சுவர் முழுக்க எழுப்பிக் கூரை போடப் போகிறார்கள். அவ்வளவுதான் என் சேதி.

இனி உன் சேதிக்கு வருகிறேன். "அம்மா இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். இதுவரை அம்மா சுகம் என்றும், தூங்குகிறாள் என்றும், பேசினாள் என்றும் எழுதினாய். இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? எட்டு மாதத்துக்குள் மூன்று வீடு. பாப்பாவுக்கு இன்னும் நாலு வயசு முடியவில்லை, அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? நீ சின்ன வயசிலேயே பொய் சொல்லத் தெரியாதவன். சொன்னால் ஒரு காரணம் கூடுதலாகச் சொல்வாய், அதில் மாட்டிக்கொள்வாய்.

கையெழுத்தைப் பற்றி இனி நான் பேச மாட்டேன். நீ போட்டது போட்டதாகவே இருக்கட்டும். என் அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுவேன். பேரை அடித்தால் அடிக்கட்டும்.

பரிபூரணம்

*

ரைஸ் மில் சந்து,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
8.9.1987

அன்புள்ள அக்காவுக்கு,

கொட்டகையைப் பூட்டாதே. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கிணற்றடிக் காம்பவுண்டில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்களே, அந்த அம்மாதான் ஒருநாள் என் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "தம்பி, தப்பா நெனைக்காதிய. அவியளுக்கு ஒண்ணுன்னு ஆச்சுன்னா இங்க வச்சு எடுக்க முடியாது. ஒரு வீட்டுல சாவு விழுந்தா ஏழு வீட்டுக்கும் குடி வர மாட்டான். எனக்கும் இந்த வாடகைதான் சோறு" என்றார்கள். கெட்டவர்கள் இல்லை அக்கா. அழுதுகொண்டேதான் சொன்னார்கள். வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றேன். அதற்கு வாடகை கிடையாது தம்பி என்றார்கள்.

வேப்பமரத்து வளவில் அம்மா ஒரு மத்தியானம் குளிக்கும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நாலு பேர் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். நாலு பேரும் நல்லவர்கள். அன்றைக்கே வீட்டுக்காரர் வந்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, பொறவு அப்படியே வேற எடம் பாத்துக்கிடுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டில்?

அடுத்து வீடு தேடியபோது, கதவைத் திறக்கிறவர்கள் முதலில் கேட்டது சாதியை, இரண்டாவது வயசானவர்கள் உண்டா என்பதை. இந்த ரைஸ் மில் சந்தில், இல்லை என்று சொல்லிவிட்டேன் அக்கா. நானும் மனைவியும் பிள்ளையும் மட்டும் என்று. அம்மாவை விடியுமுன்னே சாமானோடு சாமானாக உள்ளே கொண்டுவந்தோம். அவள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. ஜன்னலைத் திறப்பதில்லை. இருமல் வந்தால் ரோஸ்லின் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். இப்போது அம்மா இருமல் வருமுன்னே தானே கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருகுகிறாள். நேற்று வீட்டுக்காரர், "வேலையத்து எந்நேரமும் பாட்டா" என்று கேட்டுவிட்டுப் போனார். பாப்பாவிடம் ஆச்சியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். நாலு வயசுப் பிள்ளைக்கு நான் பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கிறேன்.

அரசாங்கம் வாடகையைத் தவறாமல் கொடுக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணம் எங்களுக்கு நிற்க இடம் வாங்கித் தந்தது. படுக்க இடம் வாங்கித் தரவில்லை.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் ரோஷம்தான். நீயும் சொல்லவில்லையே. அத்தான் பகலில் தகரச் சூட்டில் தூங்க முடியாமல், ராத்திரி மிஷினில் கண் அசந்து விரல் நுனி போனதைப் பஸ் ஸ்டாண்டில் சமுத்திரம் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சின்னக் காயம் என்று எழுதினாய்.

கையெழுத்தை மாற்றித் தருகிறேன், நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஆனால் அம்மா கொட்டகைச் சூடு தாங்க மாட்டாள். எங்கே கொண்டு போவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஞானதுரை

*

ஓடைக்கரை, ராஜபாளையம்.
4.10.1987

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன். பிறகு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன். அதனால்தான் இத்தனை நாள். இப்போது கையில் இருக்கிறது.

ஓடையை ஒட்டிய கடைசி இரண்டு வீட்டுக்கும் காங்கிரீட் போட்டாயிற்று. அதைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளையும் எடுத்தாயிற்று. தரை போடவில்லை, கதவு இல்லை, ஆனால் கூரை குளிர்ச்சியாக இருக்கிறது. அம்மாவை அங்கே வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். உடனே சரி என்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் அடி விழுந்தது.

முதலில் வாயைத் திறந்தது சீனியம்மாள். "ஏட்டி பரிபூரணம், ஒங்கம்மா எனக்கும் அம்மாதான். ஆனா பால் காய்ச்சாத வீட்டுல மொதக் காரியமே சாவா இருந்தா வரிசைக்கே ஆகாதுட்டி" என்றாள். சமுத்திரம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் குலுக்கல் போடல தாயி. அந்த வீடு யார் பேருக்கு விழும்னு யாருக்குத் தெரியும்? விழுந்தவன் நாளைக்கு என்னையத்தான கேப்பான்" என்றார். நம் சபைக்காரர்களும் துணைக்கு வரவில்லை. பிரதிஷ்டை செய்யாத வீடு என்று ஒருவர் முணுமுணுத்தார்.

எழுந்து நின்றேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்டுக்காரங்க சொன்னதும் இதத்தான். அவிய சொன்னா அநியாயம், நாம சொன்னா சாஸ்திரமா? அங்க எங்கம்மா ரேடியோவத் திருகிட்டு இருமுதா. இங்கயும் அப்படித்தான் இருமணும்னா இத்தன நாள் எதுக்கு மண்ணு சொமந்தோம்? அந்த வாடகைய வாங்கிட்டுப் போயிருக்கலாம்லா" என்றேன். "குலுக்கல்ல எனக்கும் என் தம்பிக்கும் சீட்டு எழுத வேண்டாம். அந்தக் கடைசி ரெண்டும் எங்களுக்கு. ஓடைத் தண்ணி மொதல்ல அங்கதான் ஏறும், கொசு அங்கதான் மொய்க்கும். அது வேணும்னு வேற யாரும் இருந்தா இப்பவே கைய தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை.

சமுத்திரம் அண்ணன் அன்றைக்கே ஆபீசில் போய்ப் பேசி உன் கையெழுத்தையும் சேர்க்கச் சம்மதம் வாங்கிவிட்டார். பாஸ்டர் ஐயா சனிக்கிழமை வந்து வீட்டைப் பிரதிஷ்டை செய்கிறார். மண் தரையில் புதுப் பாய் விரித்திருக்கிறேன். வாசலுக்குச் சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. விடியுமுன்னே வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், கார் பிடித்து, ரைஸ் மில் சந்தின் முன்பக்கமாக, எல்லோரும் பார்க்க அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வா. அவள் இருமினால் இருமட்டும். ரேடியோவை அணைத்துவிடு.

நான் ஓடைப் பாலத்தில் நிற்பேன்.

உன் அக்கா,
பரிபூரணம்

*

கடைசி வீடு, ஓடைக்கரை,
ராஜபாளையம்.
6.12.1987

ஏலே ஞானதுரை,

ஒங்கம்மா தங்கபாய் சொல்லச் சொல்ல ஒங்கக்கா எழுதுதா. நான் சொன்னத மட்டும்தான் எழுதணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன். இங்க நான் சொகம். அங்க நீயும் ரோஸ்லினும் பிள்ளையும் சொகமா? பட்டறையில கணக்கு முடிச்சிட்டு மாசக் கடைசியில வாரேன்னு சொன்னியாமே. அந்த ரைஸ் மில் சந்துல ஜன்னலத் தொறந்து வச்சிருங்க, பிள்ளைக்குக் காத்து வரட்டும்.

நீ போன ஞாயிறு வந்து பாத்ததுக்கு இப்ப தேவல. என்னைய சாகக் கொண்டாந்திய. ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல. சும்மா படுத்துக் கெடக்க வெக்கமா இருந்துச்சு, வாசல்ல நாற்காலியப் போடச் சொன்னேன். பூசுன செவுத்துக்குத் தண்ணி ஊத்தாம எல்லாப் பயலும் பீடி குடிக்கப் போயிருதான். நான் அங்கன இருந்தே சத்தம் போடுதேன். அந்தச் சந்துல அமுக்கி வச்ச சத்தம்லா, நல்லா கேக்குது. கொத்தனார் ஐயாதுரை என்னைய ஓவர்சியர் அம்மாங்கான்.

பொறவு ஒரு சங்கதி. வாசல் நெலை வைக்க அளந்துக்கிட்டு இருந்தான். நான் பாத்தேன், ஒடுக்கமா இருக்கு. "ஏலே, இதுல எம்பெட்டி எப்படிலே வெளிய போகும்?"னு கேட்டேன். "பெட்டி போகும் ஆச்சி, கவுருமெண்டு அளவு"ன்னான். "பெட்டி போகும்லே, ரெண்டு பக்கமும் தூக்குத ஆளு எப்படிப் போவான்?"னேன். ஒங்கப்பாவ எடுத்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? பழைய குடிசையில வாசல் பத்தாம ஓலையப் பிச்சி, செவுத்த இடிச்சித்தான் எடுத்தோம். தலைய சாச்சிக்கிட்டே போனாரு மனுசன். நான் அப்படிப் போக மாட்டேன்னு சொல்லிட்டேன். வாசலுக்கு மேல தாங்குத மேக்கல்லு பத்தாதும்மான்னு மொனங்கிக்கிட்டே ஐயாதுரை ரெண்டு பக்கமும் அரைக்கல்லு இடிச்சி, மேல நீளமா வேற கல்லு வார்த்துப் போட்டான்.

இஞ்சினியர் வந்து பாத்துட்டு, பிளான்ல இல்லாதத எதுக்குப் பண்ணுனியன்னு கேட்டாரு. நானே சொன்னேன். "ஐயா, ஒங்க பிளான்ல உள்ள வர வழி இருக்கு, வெளிய போவ வழி இல்ல. வாடகை வீட்டுக்காரங்களும் இதத்தான் சொன்னாவ"ன்னு. நோட்ட மூடி அக்குள்ல வச்சாரு. பொறவு ஒண்ணும் எழுதாம போயிட்டாரு.

நான் சொல்ல வந்தது இது இல்ல. அன்னைக்கு சாயங்காலம் சீனியம்மா வந்தா. கூட்டத்துல பேசுனதுலருந்து எங்கிட்ட மொகம் குடுக்காம இருந்தவ. வாசல்ல நின்னு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கைய விரிச்சுப் பாத்தா. நேரா ஐயாதுரைகிட்டப் போயி, "எங்க வரிசைக்கும் இம்புட்டு அகலம் வைய்யா. நாங்களும் ஒரு நாளு நிமிந்து போகணும்லா"ன்னா. இப்ப அம்புட்டு வீட்டுக்கும் அகல வாசல்தான். எவளுக்குக் குலுக்கல்ல எந்த வீடு விழுந்தாலும் நிமிந்து போய்க்கிடலாம்.

கவுருமெண்டு குடுத்த கதவு இனி எந்த வீட்டுக்கும் சேராது. அதனால ஒனக்கு வேலை வந்திருக்கு. வரிசைக்குப் பூரா இரும்புல ரெட்டைக் கதவு நீதான் அடிக்கணும்னு சமுத்திரம் சொல்லிவிடச் சொன்னான். மொதக் கதவு எனக்கு. பச்சை பெயிண்டு. உள்பக்கம் தாப்பாள் நல்லா கனமா வையி, வெளிய இருந்து யாரும் தட்டி எந்திரின்னு சொல்லக்கூடாது.

ஆனா அரக்கப்பரக்க அடிச்சி கோணலா கொண்டாந்துராத. அளந்து, நிதானமா செய்யி. அவசரம் ஒண்ணுமில்ல. நான் எங்கயும் போகல.

ஒங்கம்மா,
தங்கபாய்